பண்ருட்டியில் இறங்கினார்

செத்துப்போயிருக்க வேண்டிய முந்திரி வியாபாரி சபாநாயகம், பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் கலியபெருமாளின் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் கையுமாக நின்ற ஏழு பேருக்குப் பின்னால் எட்டாவது ஆளாக ஒழுங்காக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சார், என்னைக் கொன்னது யாரு?" என்று கேட்டார்.

"முன்னாடி மட்டுமா, பேக் டு பேக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கலியபெருமாள் நிமிர்ந்தார். பழுப்பு நிற சஃபாரி. மேல்வரிசையில் ஒரு தங்கப்பல். ஒரு கைப்பிடி அறுந்து சணல் கயிறு கட்டிய ரெக்சின் பை. மூன்றையும் பத்து நாளைக்கு முன்னால்தான் அவர் தன் கையால் டைப் அடித்திருந்தார்.

"யாருன்னு எனக்கும் தெரியாதுங்க," என்றார். "அடுத்த இதழ்லதான் வருது."

"அடுத்த இதழ் எப்ப சார்?"

"ஜூலை மூணு."

"இன்னிக்கு ஏப்ரல் மூணு. அதுவரைக்கும் நான் என்னா பண்றது?"

பின்னால் நின்ற அம்மாள், "பெரியவரே, கொலைய எல்லாம் ஓரமா நின்னு பேசுங்க, எனக்கு பேங்க் மூடிடுவான்," என்றாள். சபாநாயகம் ஓரமாக நின்றார்.

நடந்தது இதுதான். கலியபெருமாள் பதினோரு வருஷமாக ‘துப்பு’ என்று ஒரு பத்திரிகை நடத்துகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். குற்றக் கதைகள் மட்டும்தான் போடுவார், அட்டையிலேயே ‘குற்றக் கதைகளுக்கான காலாண்டிதழ்’ என்று அச்சடித்திருந்தும் வாராவாரம் பத்துப் பேர் கவிதை அனுப்புவார்கள். ஆசிரியர், டைப் அடிப்பவர், பிழை பார்ப்பவர், கட்டு கட்டித் தபால் ஆபீஸுக்குத் தூக்கிப் போகிறவர், எல்லாம் அவர்தான். சந்தாதாரர் எண்பத்து மூன்று பேர். சின்னப் பத்திரிகையைப் பாராட்டாத ஆள் ஊரில் கிடையாது, வாங்குகிற ஆளும் கிடையாது. "அண்ணே, உங்க சேவை பெரிய சேவைண்ணே, ஒரு காப்பி குடுங்க படிச்சிட்டுத் தர்றேன்" என்பார்கள். தந்ததில்லை. அவர் மனைவி அஞ்சலாட்சி, ‘துப்பு’ என்று பேர் வைத்துவிட்டு இப்படித் துப்பு கெட்டதனமாக நடத்துகிற மனுசனை இந்த ஜில்லாவிலேயே பார்க்க முடியாது என்று கல்யாண வீடு, சாவு வீடு, ரேஷன் கடை என எல்லா இடத்திலும் சொல்லி வந்தாள். அது உண்மைதான் என்பதால் யாரும் மறுத்ததில்லை.

பத்திரிகை இத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம் வேதவல்லி டீச்சர். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவர். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு கதை, சில இதழுக்கு இரண்டு, கதைக்கு ஒரு கொலை. அரளி, ஊமத்தை, குன்றிமணி, காட்டாமணக்கு என்று பாடத்திட்டத்தில் இருப்பதையும் இல்லாததையும் வைத்து இதுவரை ஐம்பத்தெட்டுப் பேரைக் கொன்றிருக்கிறார். நேரில் ஒரு கொசுவைக்கூட அடிக்க மாட்டார் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடிப்பார், அடித்துவிட்டு அது பெண் கொசு என்றும் சொல்வார். அவருடைய ஐம்பத்தொன்பதாவது கதைதான் சபாநாயகத்தின் கதை. இரண்டு பாகம். முதல் பாகம் நாற்பத்து நாலாவது இதழில். அதன் கடைசி வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: "மூன்றாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு, முந்திரி வியாபாரி சபாநாயகம் பண்ருட்டி பஸ் நிலையத்தில் இறந்தார்."

அந்த வரியை டைப் அடித்த நேரத்தில் எதிரே விழுப்புரம் வண்டி வந்து நின்றது. கண்டக்டர் படியைத் தட்டி, "பண்ருட்டி எறங்கு, பண்ருட்டி எல்லாம் எறங்கு," என்று கத்தினார். அந்தக் கத்தலைப் பதினோரு வருஷமாகக் கேட்டு ஊறிப்போன கலியபெருமாளின் விரல், பஸ் ஸ்டாண்டில் மனுசன் வேறு என்ன செய்வான் என்ற நினைப்பில், ‘இறங்கினார்’ என்று அடித்துவிட்டது. பிழை பார்க்கும்போதும் கண்ணில் படவில்லை. படித்தால் சரியாகத்தானே இருக்கிறது.

இதழ் வந்தது. மூன்றாம் தேதி பத்து நாற்பதுக்கு சபாநாயகம் இறங்கினார். டிக்கெட் கொடுத்த ஞாபகம் இல்லை என்று கண்டக்டர் சொன்னார், அவ்வளவுதான் விசாரணை. இதற்கு முன்னால் ‘துப்பு’வில் எத்தனையோ பிழை வந்திருக்கிறது, ஒரு தடவை ‘நாய் குரைத்தது’ என்பது ‘தாய் குரைத்தது’ என்று வந்து ஏழு கடிதம் வந்தது, அப்போதெல்லாம் யாரும் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. இப்போது இறங்கினார். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க பண்ருட்டியில் யாருக்கும் அவகாசம் இல்லை, பலாப்பழ சீசன்.

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் கடைக்கு வந்தார். சபாநாயகம் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றார். டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சஃபாரி பழுப்புன்னுதானே எழுதினேன், இது என்ன காக்கி மாதிரி இருக்கு," என்றார்.

"வெயில்ல வெளுத்துடுச்சுங்க டீச்சர்," என்றார் சபாநாயகம்.

"உன்ன கேக்கல." கலியபெருமாள் பக்கம் திரும்பினார். "ஐம்பத்தெட்டுப் பேரு. ஒருத்தன் எழுந்திருச்சதில்ல."

"தப்பு என்னோடதுதான் டீச்சர்."

"பின்ன என்னோடதா? பத்து நாப்பதுக்கு இவன் சாகணும். செத்தாத்தான் விஷம் எங்க, எப்ப, எதுல ஏறுச்சுன்னு ரெண்டாம் பாகம் நிக்கும். என் வாழ்க்கையிலயே நல்லா வந்த கதை இது. இவன் இங்க உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தா நான் அதை எங்க கொண்டு போயி வெக்கிறது?"

"டீ குடிக்கலைங்க," என்றார் சபாநாயகம். "குடிக்க வரல."

அது உண்மை. அஞ்சலாட்சி மத்தியானமே ஒரு தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாரே தவிர கை எழும்பவில்லை. நாலு பக்கக் கதையில் அவர் சாப்பிட்டது ஒரே ஒரு தடவை, பஸ்ஸில், எலுமிச்சை சாதம். அதோடு சரி. அதற்கு மேல் எழுதப்படாததால் பசியும் வரவில்லை. தன் அப்பா பேர் தெரியாது, வீடு எந்தத் தெரு என்று தெரியாது, கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முந்திரி வியாபாரியாச்சே, முந்திரிக்கொட்டை எப்படி உடைப்பது என்று தெரியுமா என்றால், "கதையில அந்தப் பகுதி வரலைங்க," என்றார். லாட்ஜில் அடையாள அட்டை கேட்டார்கள், அதனால் கலியபெருமாளின் கடை மாடியில் தங்கினார். படுக்கவும் மாட்டார். பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருப்பார்.

டீச்சர் அப்போதே சொல்லிவிட்டார். "அச்சுல வந்ததாலதான் இறங்கினான். அச்சுல திருத்தினா சரியாப் போயிடும். அடுத்த இதழ், மூணாம் பக்கம், கட்டம் கட்டி, பிழைதிருத்தம் போடுங்க." சொன்னதோடு நிற்காமல் ஒரு சீட்டை எடுத்து, "சென்ற இதழில் இருபத்தேழாம் பக்கம் கடைசி வரியில் ‘இறங்கினார்’ என்பதை ‘இறந்தார்’ என்று திருத்தி வாசிக்கவும்" என்று எழுதி, அதற்குக் கீழே விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையில் "மறக்காமல் போடவும்" என்றும் எழுதி, கம்ப்யூட்டர் ஓரத்தில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். "போடலேன்னா இனிமே உங்களுக்குக் கதை கிடையாது."

டீச்சர் கதை இல்லாவிட்டால் ‘துப்பு’ இல்லை. போட்டால் சபாநாயகம் இல்லை. மூன்று மாதம் கலியபெருமாளின் தலைக்குள் இருந்தது இது ஒன்றுதான்.

ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் திட்டியது. கதையின் இரண்டாம் பக்கத்தில் ‘பண்ருட்டியில் அவரைத் திட்டாத வாய் இல்லை’ என்று டீச்சர் எழுதியிருந்தார், எழுதினால் நடக்கத்தானே வேண்டும். முதல் நாளே பலாப்பழம் விற்கிற பெண்கள், ஆட்டோக்காரர்கள், ஜவுளிக் கடைப் பையன்கள், டைம் ஆபீஸில் நேரம் குறிப்பவர் என்று எல்லோருக்கும் அவரைப் பார்த்த மாத்திரத்தில் வாயில் ஒரு அரிப்பு வந்து, என்ன காரணம் என்றே தெரியாமல், "யோவ், குடைய மடக்குய்யா," "பல்லப் பாரு, அடகுக் கடைல பாதிய வெச்சிட்டு வந்தவன் மாதிரி," "நடக்கிறான் பாரு, ரோடு இவன் பாட்டன் போட்டது," என்று திட்டித் தீர்த்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் நின்று, முழுசாகக் கேட்டு, "சரிங்க, கதையில இருக்கு, நீங்க திட்டித்தான் ஆகணும்," என்று சொல்லிவிட்டு நகர்வார். இப்படி ஒரு ஆளைத் தினமும் திட்டினால் என்ன ஆகும்? பழகிவிடும். ஒரு வாரத்தில் அவர் ஊர்க்காரர் ஆகிவிட்டார். ஒருநாள் அவர் தெருப்பக்கம் வரவில்லை என்றால் பலாப்பழக்காரம்மா, "எங்கடி அந்தக் குடைக்காரன், வாய் நமநமங்குது," என்று ஆள் அனுப்பினாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார். தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று புகார் சொன்னார். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செத்தா வாங்க," என்றார்.

"செத்தா எப்படி சார் வர்றது?"

"யாராவது தூக்கிட்டு வருவாங்க. நீங்க கவலப்படாதீங்க." போகிறபோது எஸ்.ஐ. தாழ்ந்த குரலில், "யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. எனக்கு உங்க மச்சான் மேல சந்தேகம், அதான் உங்க அக்கா புருஷன்," என்றார். அவரும் முதல் பாகத்தைப் படித்திருந்தார், ஓசியில்.

அந்த இடத்தில்தான் சபாநாயகத்துக்கு ஒரு யோசனை வந்தது. வேலை இல்லாமல் ஒரு மனுசன் எத்தனை நாள் மாடியில் உட்கார்ந்திருப்பான். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியும் பத்து நிமிஷம் நிற்கும், வேர்க்கடலைக்காரன் ஏறி இறங்குவான், வெள்ளரிப்பிஞ்சு ஏறி இறங்கும், அதற்குப் பிறகு சபாநாயகம் குடையோடும் பையோடும் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்வார்: "பெரியவங்களே, தாய்மார்களே, எம்பேரு சபாநாயகம். இந்த ‘துப்பு’ங்கிற புஸ்தகத்துல இருபத்தேழாம் பக்கத்துல செத்துப்போக வேண்டியவன் நான்தான். என்னைக் கொன்னது யாருங்கிறது ஜூலை மூணாம் தேதி வெளியாகுது. சந்தா கட்டினா வீட்டுக்கே வரும். கட்டுறதும் கட்டாததும் உங்க இஷ்டம், ஆனா எனக்கு யாருன்னு தெரியாம இருக்கிறது ஒரு மாதிரியா இருக்குது."

வாழ்க்கையில் ஒரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியிராதவன்கூட, செத்தவன் நேரில் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டான். கடலூர் வண்டியில் பதினெட்டுப் பேர், திருக்கோவிலூர் வண்டியில் பத்துப் பேர், கும்பகோணம் வண்டியில் ஒரு கல்யாண கோஷ்டி முழுவதும் சேர்ந்தது. ஜூன் கடைசியில் சந்தாதாரர் அறுநூற்றுப் பதினோரு பேர். போஸ்ட்மேன், "என்ன சார், பத்திரிகை ஓடுதாமே," என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். பதினோரு வருஷமாகக் கலியபெருமாள் ஆசைப்பட்டது ஒன்றுதான், அடுத்த இதழ் எப்போது என்று யாராவது ஒருத்தர் கேட்க வேண்டும். இப்போது ஊரே கேட்டது. கேட்டபோதெல்லாம் அவர் கம்ப்யூட்டர் ஓரத்துச் சீட்டைப் பார்த்தார்.

பிழைதிருத்த விஷயம் வெளியே தெரிந்ததும் பக்கிரியின் டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் போனது. டீ மாஸ்டர் பக்கிரிதான் ஆரம்பித்தது.

"ஒரு எழுத்துதானேங்க பிரச்சினை. ‘இறந்தார்’ல ‘இ’ய தூக்கிட்டு ‘ப’ போடுங்க. பறந்தார். ஆளு பறந்துடுவாரு, சாகவும் மாட்டாரு."

"பறந்து எங்க போவாரு? கரண்ட் கம்பியில மாட்டிக்குவாரு."

"அப்ப ‘மறந்தார்’."

"இருக்கிற ஞாபகமே நாலு பக்கம், அதுவும் போயிடும்."

"பிறந்தார்?"

"பஸ் ஸ்டாண்டுல பிறந்தா யாரு தூக்கி வளக்குறது, உன் பொண்டாட்டியா?"

பால்காரர் ஒருவர் ‘கறந்தார்’ என்று போடச் சொன்னார், அவருக்கு ஆள் தேவைப்பட்டது. ‘துறந்தார்’ நல்ல சொல்தான், ஆனால் சஃபாரியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று சபாநாயகமே தயங்கினார். கடைசியில் ஒருவர் பெரிய ‘ற’வை எடுத்துவிட்டுச் சின்ன ‘ர’ போட்டால் போதும், ‘இரந்தார்’ என்று ஆகிவிடும், பிச்சை எடுத்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றார்.

"சந்தா கேக்கிறாரே, அதையேதான் இப்பவும் பண்றாரு," என்றார் கலியபெருமாள்.

டீச்சர் காதுக்கு இது போனது. மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. "ஒரு எழுத்து மாத்தினாலும் அது நான் எழுதினது இல்ல. இறந்தார்னா இறந்தார்."

ஜூன் இருபதாம் தேதி டீச்சர் பழுப்புக் கவரில் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். பிழைதிருத்தத்தை டைப் அடித்து, கட்டம் கட்டி, மூன்றாம் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் கவரைக் கையில் கொடுத்தார். அவர் தெருமுனை திரும்பியதும் கலியபெருமாள் பிரித்தார். முதல் வரி: ‘பிணத்தின் வாயில் எலுமிச்சை வாசம் அடித்தது.’ அதற்கு மேல் படிக்கவில்லை. கவரை மூடி லேமினேஷன் மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டார். அச்சில் வந்தால் ஆள் சாக இந்த வரி ஒன்று போதும், பிழைதிருத்தம்கூடத் தேவையில்லை.

அச்சுக்குப் போக வேண்டிய நாள், மத்தியானம், சபாநாயகம் கும்பகோணம் வண்டியை முடித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். வேர்க்கவில்லை, ஆனாலும் துடைத்தார். கதையில் அவர் இரண்டு தடவை முகம் துடைப்பார்.

"போட்டுடுங்க சார்," என்றார்.

"எதை?"

"அதான், கட்டம். அறுநூத்திப் பதினோரு பேரு. அத்தனை பேருகிட்டயும் என் வாயால சொல்லியிருக்கேன், ஜூலை மூணு தெரிஞ்சுடும்னு. நாளைக்கு வண்டியில ஏறி யாரு மொகத்துல முழிக்கிறது?"

"நீங்க செத்துடுவீங்கய்யா."

"கதைதானே சார்." குடைக்கம்பியைத் தடவினார். "வலிக்கும்னு எழுதியிருக்காங்களா?"

"நான் படிக்கல."

"வலிச்சா ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்."

அஞ்சலாட்சி உள்ளேயிருந்து வந்தாள். கலியபெருமாள் அவளைப் பார்த்தார். பத்திரிகையை மூடு மூடு என்று பதினோரு வருஷம் சொன்னவள், ஏதாவது நல்லதாகச் சொல்வாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. "என்னைய ஏன் பாக்கிறீங்க? போடுங்க. டீச்சர் சொல்றாங்க, ஊரு கேக்குது, அவரே சொல்றாரு. மாடியும் காலியாவும்," என்றாள். போகிறவள் வாசற்படியில் நின்று, "மூணாந்தேதிலேருந்து மழை வந்தா கொடியில கெடக்கிற துணிய நீங்கதான் ஓடிப்போய் எடுக்கணும், சொல்லிட்டேன். இத்தன நாள் அவருதான் எடுத்தாரு," என்றாள்.

கலியபெருமாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூன்றாம் பக்கம் திறந்திருந்தது. கட்டத்துக்குள் அந்த வரி இருந்தது. ஒரு ஆள் சாவதற்கு இவ்வளவு சின்ன இடம் போதும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, விசிட்டிங் கார்டில் பாதிகூட இல்லை. வெளியே விழுப்புரம் வண்டி வந்து நின்றது. "பண்ருட்டி எறங்கு, பண்ருட்டி எல்லாம் எறங்கு."

ஜூலை மூன்றாம் தேதி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. அறுநூற்றுப் பதினோரு பேரும் வந்தார்களா என்று யாரும் எண்ணவில்லை, ஆனால் கடலூர் வண்டி உள்ளே வர முடியாமல் ரோட்டிலேயே நின்றது. எஸ்.ஐ. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்தவர் மாதிரி முன்வரிசையில் நின்றார். வேதவல்லி டீச்சர் இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல்முறையாக ஒரு அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். அச்சகத்திலிருந்து வந்த கட்டுகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன. பத்து நாற்பதுக்குத்தான் பிரிப்பது என்று ஊரே பேசி முடிவு செய்திருந்தது, அதுதான் மரியாதை என்று பட்டது. பலாப்பழக்காரம்மா சபாநாயகத்தைக் கடைசியாக ஒரு தடவை திட்ட வந்து, வாயைத் திறந்து, ஒன்றும் வராமல், ஒரு சுளையை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனாள்.

சபாநாயகம் தான் இறங்கிய அதே இடத்தில், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பத்து நாற்பது. கட்டுகளைப் பிரித்தார்கள். ஒவ்வொரு கையாகப் போனது. கூட்டத்தில் தாள் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்து நாற்பத்தொன்று ஆனது. சபாநாயகம் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஆயிடுச்சா சார்?"

"இல்ல," என்றார் கலியபெருமாள்.

அதற்குள் கூட்டம் கதைக்குப் போயிருந்தது. இரண்டாம் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் தலைப்பு இருந்தது, டீச்சர் பேர் இருந்தது, அதற்குக் கீழே நாலு பக்கமும் வெறும் கோடுகள், மேலே ‘குறிப்புகளுக்கு’ என்று போட்டிருந்தது, டைரியில் போடுவது போல. ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பக்கிரி கேட்டார், "யோவ், அப்ப கொன்னது யாருய்யா?" அந்தக் கேள்வி முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போய், ரோட்டில் நின்ற கடலூர் வண்டி வரை போய், திரும்பிப் பெரிதாக வந்தது. கலியபெருமாளின் சட்டையை ஒருவர் பிடித்தார். "சந்தாவத் திருப்பிக் குடு" என்றார் இன்னொருவர், கட்டாதவர்.

டீச்சர் பிளாட்பார ஓரத்தில் நின்றார். கையில் இதழ். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். ஒரு வார்த்தை சொல்வதில்லை என்றுதான் நின்றார், பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எஸ்.ஐ. பக்கத்திலிருந்தவரிடம், "மச்சான்தாங்க, நான் அப்பவே சொன்னேன்," என்றார். வாழ்க்கையிலேயே நன்றாக வந்த கதையை எழுதி வைத்துக்கொண்டு, தப்பான விடையைக் காதால் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும், அதுவும் ஒரு டீச்சரால்.

"மச்சானா? மூளை இருக்கா உங்களுக்கு?" என்று பிளாட்பாரக் கட்டை மேல் ஏறினார்.

இரண்டு மணி நேரம். ஒரு வண்டி கிளம்பவில்லை. எலுமிச்சைப் புளிப்பு எதை மறைத்தது, பையின் கைப்பிடி ஏன் அறுந்தது, பத்து நாற்பது ஏன் பத்து முப்பத்தைந்தாக இருக்க முடியாது, எல்லாவற்றையும் கரும்பலகை இல்லாமல் விரலால் காற்றில் படம் போட்டு விளக்கினார். முதல் பாகத்தில் ஒளித்து வைத்திருந்த ஆறு துப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபோது கூட்டத்தில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாலு பக்கத்தில் படித்திருந்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. கடைசியில் இறங்கும் முன் சொன்னார், "கொன்னது அவன் பொண்டாட்டி."

எல்லோரும் சபாநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் குடையை மடக்கினார்.

"எனக்குச் சம்சாரம் இருக்காங்களா டீச்சர்?"

"இருக்கா."

"பேரு என்னாங்க?"

டீச்சர் கொஞ்சம் தடுமாறினார். "சிவகாமி."

"சிவகாமி," என்றார் சபாநாயகம். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். தங்கப்பல் முழுசாகத் தெரிந்தது.

"அவதான் உன்னைக் கொன்னவ, புரியுதா?"

"புரியுதுங்க. அந்த எலுமிச்சை சாதம் அவங்க கட்டிக் குடுத்ததா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சு டீச்சர்."

ஐம்பத்தொன்பது கதை எழுதிய டீச்சருக்கு, செத்தவன் பக்கத்திலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது இதுதான் முதல்முறை. அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு கலியபெருமாளிடம் போய், "இனிமே உங்களுக்குக் கதை கிடையாது," என்றார். "சொன்னா சொன்னதுதான். ஒம்பதாம் பக்கத்துல ஒரு ஒற்று விட்டிருக்கு, அதையும் பாத்துக்கோங்க." நாலடி போனவர் திரும்பி வந்தார். கைப்பையைத் திறந்து ஒரு வருஷச் சந்தாவை எடுத்து சபாநாயகம் கையில் வைத்தார். பதினோரு வருஷத்தில் அவர் சந்தா கட்டியதில்லை. "எழுதுறவங்களுக்குத்தான் ஓசிக் காப்பி. நான் இனிமே எழுதுறவ இல்ல. ரசீது குடு," என்றார்.

சபாநாயகம் ரசீது எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மணி ஒன்று. பாதி ரசீதில் பேனா நின்றது. அவர் வயிற்றில் கையை வைத்து, ஏதோ தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டியது போல ஒரு முகத்தோடு, "சார், பசிக்குதுங்க," என்றார்.

அப்போதுதான் டீச்சர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். கட்டம் இருந்தது. உள்ளே, பன்னிரண்டு பாயின்ட் எழுத்தில், இப்படி இருந்தது: ‘துப்பு இதழின் பண்ருட்டி முகவர்: சபாநாயகம், கலியபெருமாள் ஜெராக்ஸ் மாடி, பஸ் நிலையம் எதிரில். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை சாப்பிடப் போயிருப்பார்.’

சாப்பிடப் போனார். அஞ்சலாட்சி சோறு போட்டாள், காராமணிக் குழம்பு ஊற்றினாள், பலாக்கொட்டைப் பொரியல் வைத்தாள். அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நாலாவது தடவை தட்டை நீட்டியபோது அவள் திட்டிய திட்டு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. "சரிங்க, கதையில இருக்கு," என்று வாயில் சோற்றோடு அவர் சொன்னதும் கேட்டது.

டீச்சர் ஒட்டிவிட்டுப் போன சீட்டு கம்ப்யூட்டர் ஓரத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு மூலை மட்டும் பசை விட்டு லேசாகத் தூக்கியிருக்கிறது. அடியில் சிவப்பு மையில், ‘மறக்காமல் போடவும்.’ கலியபெருமாள் மறக்கவில்லை. போடவில்லை.